பாஸா, ஃபெயிலா, டீச்சரம்மா?

மேசைமேல் அந்தத் தாளை விரித்துவைத்துக்கொண்டு பெரியவர் நெடுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எட்டுப் பாடங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டங்கள். கட்டத்துக்குள் ஓர் எண். கூட்டுத்தொகை கிடையாது, சதவீதம் கிடையாது, ரேங்க் கிடையாது. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, “டீச்சரம்மா, எங்க பேத்தி பாஸா, ஃபெயிலா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்” என்றார்.

அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. “நல்லாப் படிக்கிறா ஐயா” என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அது பதிலே இல்லை என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. கரூர்ப் பக்கத்திலிருந்து இரவுப் பேருந்தில் வந்தவர் அவர். பேத்தியின் படிப்பு எப்படியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்துவிட்டு, தெரிந்துகொள்ளாமலே திரும்பிப் போனார். அந்தக் குறை என்னுடையது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பதினோரு ஆண்டுகள், பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் உட்காரவைத்து இந்தப் படிப்பைப் பற்றிப் பேசுவதை என் முதல் வேலையாக வைத்துக்கொண்டேன். அப்படிப் பேசிப் பேசி எனக்கே தெளிவானதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பிறகு சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு சர்வதேசப் பள்ளியில் சேர்ந்து, அங்கே எம்.ஒய்.பி. ஒருங்கிணைப்பாளர் ஆனேன். மிடில் இயர்ஸ் புரோகிராம் என்பதன் சுருக்கம் அது. 11 வயதிலிருந்து 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு. நம் கணக்கில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. இதை உலகம் முழுவதும் நடத்துவது ஐ.பி. என்று எல்லோரும் சொல்கிற இன்டர்நேஷனல் பாக்கலாரியட் அமைப்பு.

இது ஏன் வந்தது என்பதைச் சொன்னால்தான் எதற்காக இப்படி இருக்கிறது என்பது புரியும். முதல் உலகப் போர் முடிந்து, நாடுகளின் சங்கம் ஜெனீவாவில் அமைந்தபோது, பல நாட்டு அலுவலர்கள் குடும்பத்தோடு அங்கே வந்து குடியேறினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. அப்பாவுக்கு மாற்றலாகும்போதெல்லாம் பிள்ளையின் பாடத்திட்டமும் மாறும். பிரான்சுப் பிள்ளை ஒரு தேர்வுக்கும், இங்கிலாந்துப் பிள்ளை இன்னொரு தேர்வுக்கும் ஒரே பள்ளிக்குள் தனித்தனியாகத் தயாராக வேண்டியிருந்தது. எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கிற ஒரே தேர்வு இருந்தால் என்ன என்று ஆசிரியர்கள் யோசித்ததன் விளைவாக, 1968இல் ஜெனீவாவில் ஐ.பி. அமைப்பு உருவானது. முதலில் வந்தது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கான டிப்ளமோ மட்டும்தான். இந்தியாவில் அதை முதலில் தொடங்கியது நம்முடைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி, 1976இல். நடுப்பருவத்துக்கான இந்த எம்.ஒய்.பி. வெகுகாலம் கழித்து 1994இல்தான் வந்தது. பதினோரு வயதிலிருந்து பதினாறு வயது வரை பிள்ளையின் உடம்பும் மனசும் ஒருசேர மாறுகிற காலம்; அந்த வயதுக்குத் தனியாக ஒரு படிப்பு வேண்டும் என்று சர்வதேசப் பள்ளிகளின் சங்கத்து ஆசிரியர்கள் பல ஆண்டுகள் உழைத்து வைத்திருந்த வரைவு அதற்கு அடிப்படை.

சேர்க்கைக்கு வருகிற பெற்றோர் முதலில் கேட்பது, “புக் லிஸ்ட் குடுங்க மேம்.” எம்.ஒய்.பி.க்கென்று அச்சடித்து வந்த கட்டாயப் பாடநூல் கிடையாது. எப்படிக் கற்பிக்க வேண்டும், எதை அளக்க வேண்டும் என்று ஐ.பி. சொல்லும். எந்த வரலாறு, எந்த நாவல், எந்தச் சோதனை என்பதைப் பள்ளியும் ஆசிரியர்களும் முடிவு செய்வார்கள். ஆகவே இரண்டு எம்.ஒய்.பி. பள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. பலகையைப் பார்த்துச் சேர்க்காமல், ஆசிரியர்களோடு அரை மணி நேரம் பேசிவிட்டுச் சேர்த்துவிடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வேன்.

பாடப்பிரிவுகள் எட்டு. மொழியும் இலக்கியமும் ஒன்று. புதிதாகக் கற்கும் மொழி ஒன்று. வரலாறு, புவியியல், பொருளியல் போன்றவை சேர்ந்த சமூகப் பாடம். அறிவியல், கணிதம், கலை, உடற்கல்வி. எட்டாவது டிசைன் என்கிற வடிவமைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் வகுப்பு நடந்தாக வேண்டும். “பி.டி. பீரியடுக்கும் கணக்குக்கும் ஒரே அளவுகோலா?” என்று கேட்பார்கள். ஆமாம், ஒரே அளவுகோல். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தானா என்பதைவிட, தன் பயிற்சியைத் தானே திட்டமிட்டானா, எங்கே தவறினோம் என்று பார்த்துத் திருத்திக்கொண்டானா என்று உடற்கல்வி ஆசிரியர் பார்ப்பார்.

அந்த நான்கு கட்டங்களுக்கு வருகிறேன். பெரியவருக்கு நான் சொல்லத் தவறியது அதைத்தான்.

ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா மகனையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல பதவியில் இருப்பவர். “மேம், இவன் அஞ்சாவது வரைக்கும் கணக்குல தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்ததே இல்ல. இங்க பாருங்க, பி-யில மூணு போட்டிருக்கீங்க, எட்டுக்கு” என்றார். குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

கணிதத்தில் ஏ என்பது தெரிந்ததைச் சரியாகப் பயன்படுத்துவது. பி என்பது ஓர் அமைப்பைத் தானே ஆராய்ந்து விதியைக் கண்டுபிடிப்பது. சி என்பது செய்ததைப் பிறருக்குப் புரியும்படி எழுதிக் காட்டுவது. டி என்பது அன்றாட வாழ்க்கையில் கணிதத்தைப் பொருத்துவது. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 8. பையனுக்கு ஏ-யில் 7, பி-யில் 3, சி-யில் 5, டி-யில் 5.

நான் விளக்கம் சொல்லத் தொடங்காமல் ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். நடுவில் ஒரு புள்ளி வைத்தேன். அதன் கீழே புள்ளிக்கோலம் வைப்பதுபோல 1, 3, 1. மொத்தம் 5. அதற்கும் கீழே 1, 3, 5, 3, 1. மொத்தம் 13. அடுத்தது ஏழு புள்ளி, ஒன்று வரை. மொத்தம் 25. “அடுத்த கோலத்துக்கு எத்தனை புள்ளி சார்?” என்று கேட்டேன்.

அவர் பேனாவை எடுத்தார். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் 4 என்று எழுதினார். பிறகு 8. பிறகு 12. “அடுத்து பதினாறு கூடும். நாப்பத்தொண்ணு” என்றார், அரை நிமிடத்தில்.

“எப்படிச் சொன்னீங்க?”

“நாலு நாலா ஏறுது மேம்.”

“ஏன் நாலு நாலா ஏறுது?”

அவர் பேசவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையன் மெதுவாக, “அப்பா, நானும் இவ்வளவுதான் எழுதினேன்” என்றான்.

நான் அவசரப்படுத்தவில்லை. நாலைந்து நிமிடம் கழித்து, அவர் பதின்மூன்று புள்ளிக் கோலத்தின் வெளிப்புள்ளிகளை மட்டும் பேனாவால் இணைத்தார். சாய்சதுரம் வந்தது. இருபத்தைந்து புள்ளிக்கும் அப்படியே இணைத்தார். “மேம், நாலு பக்கம் இருக்கு. ஒவ்வொரு தடவை வெளிச்சுத்து போடும்போதும் பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுது. அதான் நாலு” என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது மனிதர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அந்தத் தாளை மகனுக்குத் திருப்பிக் காட்டினார்.

பையனின் விடைத்தாளை எடுத்து அருகில் வைத்தேன். 41 என்பது சரியாக இருந்தது. நான்கு நான்காகக் கூடுகிறது என்றும் எழுதியிருந்தான். அதோடு நிறுத்திவிட்டான். 3 என்பதன் பொருள் அதுதான்: எளிய அமைப்பைக் காண்கிறான், பொருந்துகிற விதியைச் சொல்கிறான்; அது ஏன் எப்போதும் பொருந்தும் என்று இன்னும் காட்டவில்லை. “அப்போ இவனுக்குக் கணக்கு வராம இல்ல. ஏன்னு நின்னு யோசிக்கல, அவ்வளவுதானே?” என்றார் அப்பா. அவ்வளவேதான். அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்த ஒற்றை எண் சொல்லிவிட்டது. 62 சதவீதம் என்று போட்டிருந்தால் அது ஒரு டியூஷன் மாஸ்டரைத்தான் தேடவைத்திருக்கும்.

(இதே கோலத்தைப் பெற்றோர் கூட்டங்களில் பலமுறை பலகையில் போட்டிருக்கிறேன். சில அம்மாக்கள் வேறொரு வழி சொல்வார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் இருபத்தைந்து புள்ளிக்குள் நாலுக்கு நாலாக ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் மூணுக்கு மூணாக இன்னொரு சதுரமும் தெரியும். 16, 9, சேர்ந்தால் 25. மார்கழி முழுக்க வாசலில் புள்ளி வைத்து வளர்ந்தவர்களுக்கு அது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருக்கிறது.)

சதவீதம் என்று சொன்னேன். ஆண்டு முடிவில் நான்கு கட்டங்களையும் கூட்டி, 32க்கு எவ்வளவு என்று பார்த்து, 1 முதல் 7 வரை ஒரு கிரேடு தருவார்கள். 19 முதல் 23 வரை இருந்தால் 5. 24 முதல் 27 வரை 6. 28 முதல் 32 வரை 7. அந்தப் பையனுக்கு 20, ஆகவே 5. இந்த ஐந்தை ஏழால் வகுத்து எழுபத்தொரு சதவீதம் என்றோ, இருபதை முப்பத்திரண்டால் வகுத்து அறுபத்திரண்டு என்றோ கணக்குப் போடாதீர்கள். இரண்டும் தப்பான விடை. மேலும், கட்டத்தில் இருக்கிற எண் ஆண்டு முழுவதும் எழுதியதன் சராசரியும் இல்லை. ஜூலையில் தடுமாறிய பிள்ளை மார்ச்சில் தெளிவாகச் செய்துகாட்டினால், ஆசிரியர் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்து, இப்போது அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று தீர்மானிப்பார். தொடக்கத்தில் விழுந்ததற்கான அபராதம் கடைசிவரை கூடவே வராது. இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

அப்படியானால் பாஸ் எது? பத்தாம் வகுப்பு முடிவில், பள்ளி பதிவு செய்திருந்தால், மாணவர்கள் ஐ.பி. நடத்தும் தேர்வுகளை எழுதலாம். கணினித் திரையில் எழுதுகிற தேர்வு. ஒவ்வொன்றும் சுமார் 2 மணி நேரம். சில பாடங்களுக்குத் தேர்வுக்குப் பதில் செய்முறைத் தொகுப்பு அனுப்ப வேண்டும். எட்டுக் கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 7, ஆக மொத்தம் 56. அதில் குறைந்தது 28ம், எதிலும் 3க்குக் குறையாமலும் இருந்தால் எம்.ஒய்.பி. சான்றிதழ். அந்தப் பெரியவர் இன்று எதிரே உட்கார்ந்திருந்தால், “ஐயா, பாஸ் ஃபெயில் பார்க்கிற நாள் அஞ்சு வருஷம் கழிச்சு வரும். இன்னைக்கு இந்தத் தாள், உங்க பேத்திக்கு எது கைவந்திருக்கு, எதுக்கு இன்னும் கைபிடிச்சு விடணும்னு சொல்லுது” என்று சொல்லி, ஒவ்வொரு கட்டமாகக் காட்டியிருப்பேன்.

இவ்வளவு உரிமையோடு பெற்றோரிடம் பேசுகிறேனே, என் வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். என் மகன் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மாலை, நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கையில் பக்கத்தில் வந்து நின்றான். “அம்மா, மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் ப்ளஸ் வருது?” என்றான். கணக்கு டீச்சர் நான். எதிரே நாற்பது தாள்கள் கிடந்தன. “அதெல்லாம் பரீட்சையில கேக்க மாட்டாங்க, ரூலை மனப்பாடம் பண்ணிக்கோ” என்றேன். அவன் சரியென்று போய்விட்டான். அந்தப் பரீட்சையில் 98 வாங்கினான். ஆனால் அதற்குப் பிறகு கணக்கில் “ஏன்” என்று என்னிடம் கேட்டதே இல்லை. “எப்படி” என்று மட்டும் கேட்டான். அதுவும் கொஞ்ச நாளில் நின்றது. வேறு பள்ளியில் சேர்த்திருந்தால் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அன்று மாலை விடைத்தாளை மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் எண்கோடு வரைந்து அவனோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம்தான். பி என்ற கட்டத்தைப் பிற்காலத்தில் நான் அவ்வளவு அக்கறையோடு விளக்கியதற்கு அந்த மாலை ஒரு காரணம்.

கேள்வி கேட்கப் பழக்கினால் அது பள்ளியோடு நிற்காது, வீட்டுக்கும் வரும். இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எம்.ஒய்.பி.யில் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு பாடங்களைச் சேர்த்து ஒரே அலகாக நடத்த வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, எங்கள் ஏழாம் வகுப்பில் அறிவியலையும் சமூகப் பாடத்தையும் சேர்த்துப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொண்டோம். பிள்ளைகள் தினமும் பள்ளி வேனில் கடந்துபோகிற இடம். ஒரு பக்கம் நாரைகளும் பூநாரைகளும், இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. அலகின் தலைப்பில் ஒரே ஒரு கருத்து வாக்கியம் இருக்கும். அந்த ஆறு வாரமும் அதைச் சுற்றித்தான் ஓடும். நாங்கள் வைத்த வாக்கியம், தண்ணீரின் வழியை ஒருவர் மாற்றினால் அதன் விலையை வேறொருவர் கொடுக்க நேரும் என்பது. சதுப்புநிலம் எப்படித் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது என்று அறிவியல் வகுப்பில் பஞ்சும் மண்ணும் வைத்துச் செய்துபார்த்தார்கள். சமூகப் பாடத்தில் பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள்.

வரைபடம் பார்த்த அன்று இரவு ஒரு பெண் சாப்பாட்டு வேளையில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: “நம்ம அபார்ட்மென்ட் இருக்கிற இடம் முன்னாடி என்னவா இருந்துச்சுப்பா?” மறுநாள் காலை அம்மா எனக்குப் போன் செய்தார். “மேம், நாங்க இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டணும். பிள்ளை இப்படிக் கேட்டா நாங்க என்ன பதில் சொல்றது?” என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அந்த அம்மாமேல் துளியும் கோபம் வரவில்லை. “தெரியாதும்மா, சேர்ந்து தெரிஞ்சுக்கலாம்னு சொல்லுங்க. அது போதும்” என்றேன். பிள்ளை குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறது. அதைப் பெரியவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தக் குடும்பம் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தொலைநோக்கியோடு சதுப்புநிலத்தின் கரைக்குப் போய் நின்றதாக அந்தப் பெண் எழுதியிருந்தாள். 2022இல் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தச் சாப்பாட்டு மேசைதான்.

சில எச்சரிக்கைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் பள்ளிகளில் கட்டணம் லட்சக்கணக்கில். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ சேர்க்க வந்தவர்களிடம் வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் கேள்விக்குக் காது கொடுக்கிற வீடும், நல்ல ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரும் அமைந்தால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் குறையாது. இரண்டாவது, எல்லாப் பள்ளியும் ஐந்து ஆண்டும் எம்.ஒய்.பி. நடத்துவதில்லை. பல இடங்களில் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, ஒன்பது பத்துக்குக் கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ.க்கு மாறிவிடுவார்கள். பத்து முடித்துவிட்டு மாநிலப் பாடத்திட்டத்துக்கோ சி.பி.எஸ்.இ.க்கோ போகிற எண்ணம் இருந்தால், சமநிலைச் சான்றுக்கு என்ன வழி என்று சேர்க்கும் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு மே மாதத்தில் போய் அலையக் கூடாது. மூன்றாவது, தாய்மொழி. ஐ.பி. பள்ளி ஒவ்வொன்றும் தன் மொழிக்கொள்கையை எழுதிவைக்க வேண்டும்; பிள்ளையின் தாய்மொழியைத் தாங்குவதும் அதில் அடக்கம். “இங்கிலீஷ் வரட்டும்னு வீட்டுல தமிழ் பேசறதை நிறுத்திட்டோம்” என்று பெருமையாகச் சொல்கிற பெற்றோரைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். எங்கள் பள்ளியில் ஆழமாக எழுதிய பிள்ளைகளில் பலர், வீட்டில் பாட்டியோடு தமிழில் வாயாடுகிற பிள்ளைகள்.

இன்னொன்று, பெற்றோர் செய்துகொடுக்கிற புராஜெக்ட். அது பிள்ளைக்குச் செய்கிற உதவியே இல்லை. இந்த இடத்தில் ஒரு தேங்காய்த் துருவியின் கதையைச் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் ஆண்டில், அதாவது பத்தாம் வகுப்பில், எம்.ஒய்.பி. மாணவர் ஒவ்வொருவரும் பர்சனல் புராஜெக்ட் செய்தாக வேண்டும். தானே ஒரு குறிக்கோளைத் தேர்ந்து, ஒன்றைப் படைத்து, சுமார் 25 மணி நேர உழைப்பில் முடித்து, 15 பக்கத்துக்கு மிகாமல் அறிக்கை எழுத வேண்டும். வழிகாட்ட ஓர் ஆசிரியர் இருப்பார், செய்துதர மாட்டார். மதிப்பெண் மூன்று பிரிவில்: திட்டமிட்டது, திறமைகளைப் பயன்படுத்தியது, திரும்பிப் பார்த்தது. தலைக்கு 8, மொத்தம் 24. பள்ளி போட்ட மதிப்பெண்ணை ஐ.பி. வெளியிலிருந்து சரிபார்க்கும். இதில் பெற்றோருக்கு வியப்பாக இருப்பது, செய்த பொருளுக்கென்று தனியாக மதிப்பெண் கிடையாது என்பது.

எங்கள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டிக்கு விரல் மூட்டுகளில் வாதம். மேடையில் ஒட்டவைத்துக் கையால் சுற்றுகிற துருவியின் குமிழைப் பிடித்துச் சுற்ற முடியாமல் போயிற்று. எழுபத்தாறு வயதுவரை தன் கையால் தேங்காய் துருவிச் சமைத்தவர் கடையில் வாங்கிய துருவலைப் பார்த்து முகம் சுருங்குவதைப் பேத்தி கவனித்திருக்கிறாள். பாட்டி சுற்றுவதற்குத் தோதாக ஒரு கைப்பிடி செய்வது என்று முடிவெடுத்தாள். வெற்றிக்கு அளவுகோலும் அவளே வைத்தாள்: பாட்டி ஒரு மூடித் தேங்காயை நடுவில் நிறுத்தாமல் துருவ வேண்டும்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “மத்த பசங்க ஆப் பண்றாங்க, ரோபோ பண்றாங்க. இவ தேங்காய்த் துருவி பண்றா மேம்” என்றார். நான் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையை மாட்டிப் பார்த்தாள். எண்ணெய்க் கையில் சுழன்றது. மரக்கடையில் ஒரு குமிழைக் கடைந்து வாங்கினாள். பாட்டி, “வழுக்கலடி, ஆனா பெருசா இருக்கு, விரல் முழுசா மூட வரல” என்றாள். களிமண்ணில் பாட்டியின் மூடிய கையை அச்செடுத்து, அந்த அளவுக்கு நான்காவதாக ஒன்று செய்தாள். பாட்டி முக்கால் மூடி துருவினாள். பிறகு கையை உதறிக்கொண்டு நிறுத்திவிட்டாள். அறிக்கை கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது.

அப்பா என்னிடம் தனியாக வந்தார். “முழு மூடி துருவினாங்கன்னு எழுதிட்டா என்ன மேம்? யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். மகள்மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டார். நான் பதில் சொல்லுமுன், கதவருகே நின்றிருந்த அந்தப் பெண், “பாட்டிக்குத் தெரியும்பா” என்றாள்.

முக்கால் மூடி என்றே எழுதினாள். ஏன் முழுசும் முடியவில்லை என்பதற்கு இரண்டு பக்கம் எழுதினாள்: பிடி சரியாக இருந்தும் சுற்றுகிற கை தோளிலிருந்து இயங்குகிறது, துருவியின் உயரம் பாட்டிக்குச் சரியில்லை, கைப்பிடியை மட்டும் பார்த்த நான் மேடையைப் பார்க்கத் தவறிவிட்டேன் என்று. திரும்பிப் பார்ப்பது என்ற மூன்றாம் பிரிவு கேட்பது இதைத்தான். அந்த ஆண்டு நான் படித்த அறிக்கைகளில் அதைவிட நேர்மையான ஒன்று இல்லை.

பர்சனல் புராஜெக்ட் கண்காட்சி நாளில் அவளுடைய மேசையில் அந்தத் துருவி இருந்தது. பக்கத்தில் சரிவராத கைப்பிடிகளை வரிசையாக வைத்திருந்தாள். நடுவில் ஓட்டை போட்ட ஒரு டென்னிஸ் பந்தும் அந்த வரிசையில் கிடந்தது. பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா சற்றுத் தள்ளி நின்று, மகளின் பணிக் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. நான் அருகில் போனபோது அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

அப்பா இன்று டென்னிஸ் பந்து வாங்கி வந்தார், ஓட்டை போட அரை மணி நேரம் ஆனது, பாட்டி சுற்றிப் பார்த்தாள், சரிவரவில்லை, அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஆசையாக வாங்கி வந்தார் என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.

அவர் குறிப்பேட்டை மூடாமலே மேசைக்குப் போனார். “பந்து சரியா வரலையாம்மா?” என்றார்.

“இல்லப்பா.”

“ஏன் வரல?”

அவள் பந்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி, பாட்டி பிடிக்கிற மாதிரி அமுக்கிப் பார்க்கச் சொன்னாள்.